ஸ்கேன் அறைச் சாவி இரவிலும் கிடைக்க வேண்டும்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

அரசு மருத்துவமனைகளில் 27 ஆண்டுகள் பொது அறுவை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெரும்பாலும் வட்ட மருத்துவமனைகள். கடைசிச் சில ஆண்டுகள் மாவட்டத் தலைமை மருத்துவமனை. எந்தச் சங்கத்தின் சார்பிலும் இதை எழுதவில்லை. என் கோரிக்கை ஒன்றுதான். குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) அறுவைச் சிகிச்சை நடக்கிற அரசு மருத்துவமனை எதுவானாலும், இரவு எத்தனை மணிக்கு நோயாளி வந்தாலும், அல்ட்ராசவுண்டில் வயிற்றைப் பார்க்க ஒரு கருவியும் அதைப் பிடிக்கப் பழகிய ஒரு கையும் அங்கே இருக்க வேண்டும்.

இதைக் கேட்க வைத்த இரவைச் சொல்கிறேன்.

ஐப்பசி அடைமழை. மணி பத்தரை. ஒரு தாய் தன் பத்து வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். கட்டிலில் படுக்க வைத்ததும் பிள்ளை வலது முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டாள். நீட்டச் சொன்னால் முகம் சுளித்தாள். தாய் சொன்னார்: "நேத்து சாயங்காலம் தொப்புளைச் சுத்தி வலின்னா சார். சூட்டு வலின்னு நெனச்சு வெளக்கெண்ணெய் வெச்சேன். ரெண்டு தடவ வாந்தி. சோறு வேணாங்குறா. மத்தியானத்துக்கு மேல இந்தப் பக்கம் கையே வெக்க விடல. ஆட்டோ ஸ்பீடு பிரேக்கர்ல ஏறுறப்பல்லாம் கத்திட்டா."

அந்தத் தாய்க்குத் தெரியாது, தான் சொன்ன ஒவ்வொன்றும் எங்களுக்குப் பாடம் என்று. வலி தொப்புளில் தொடங்கி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்குவது குடல்வால் அழற்சியின் பழைய அடையாளம். வேகத்தடை விஷயத்தைக்கூட இங்கிலாந்தில் ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். குடல்வால் அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேருக்கு வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வலித்திருக்கிறது. ஆனால் குடல்வால் நன்றாக இருந்தவர்களிலும் பலருக்கு அப்படி வலித்தது. வலி நம்மைச் சந்தேகப்பட வைக்கும். அதற்கு மேல் அதனால் உறுதி தர முடியாது.

1986-ல் அல்வராடோ என்ற மருத்துவர் பத்து மதிப்பெண் அட்டவணை ஒன்று கொடுத்தார். வலி இடம் மாறியதற்கு 1, பசியின்மைக்கு 1, வாந்திக்கு 1, வலப்பக்கம் அழுத்தினால் வலிப்பதற்கு 2 என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஏழோ அதற்கு மேலோ என்றால் குடல்வாலாகவே இருக்கும் வாய்ப்பு அதிகம். நாலோ அதற்குக் கீழோ என்றால் குறைவு. அந்தப் பிள்ளைக்கு லேசான காய்ச்சலையும் சேர்த்து 6 வந்தது. வெள்ளணு எண்ணிக்கை 9,600. அது உயர்ந்திருந்தால் எட்டாகியிருக்கும். அட்டவணை கைவிடுகிற இடம் இந்த ஐந்தும் ஆறும்தான். படம் எடுத்துப் பார்க்க வேண்டியதும் இவர்களுக்குத்தான்.

ஸ்கேன் அறை பூட்டியிருந்தது. மருத்துவமனைக்கு இருந்தது ஒரே ஒரு ரேடியாலஜிஸ்ட், அதாவது ஸ்கேன் பார்த்துச் சொல்லும் மருத்துவர். அவரும் காலை ஒன்பது மணிக்கு வருவார். ஊரில் இருந்த தனியார் ஸ்கேன் சென்டரும் எட்டு மணிக்கே அடைத்தாகிவிட்டது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மழையில் இரண்டரை மணி நேரம். மகப்பேறு பிரிவில், சீமாங்க் என்ற அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தைச் சிகிச்சை மையத்தில், ஒரு ஸ்கேன் கருவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பணியிலிருந்த மகப்பேறு மருத்துவரிடம் போய்க் கேட்டேன். "சார், எனக்குக் குழந்தையும் கர்ப்பப்பையும் பார்க்கத் தெரியும். குடல்வால் பார்த்துப் பழக்கமில்லை. இதுல அந்தச் சின்னப் புரோப்பும் கிடையாது" என்றார். புரோப் என்பது தோலின் மேல் வைத்துப் பிடிக்கும் கருவியின் முனை. நேர்மையான பதில். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

அன்றிரவே வயிற்றைத் திறந்திருக்கலாம். திறக்காததற்குக் காரணம் முந்தின மாதம் நடந்த ஒன்று. இதே மாதிரி ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நின்ற கல்லூரி மாணவி ஒருவருக்கு "திறந்து பார்த்துவிடலாம்" என்று திறந்தேன். குடல்வால் வெளுப்பாக, மெல்லிசாக, எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது. பக்கத்தில் சினைப்பையில் ஒரு நீர்க்கட்டி வெடித்திருந்தது. தானாகவே ஆறியிருக்கும். மணமாகாத பெண்ணின் வயிற்றில் நான் போட்ட தழும்பைப் பார்த்து அவள் அப்பா என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஸ்கேன் பரவலாவதற்கு முன்னால், குடல்வால் என்று திறந்த வயிறுகளில் நூற்றுக்குப் பதினைந்து இருபது இப்படி நல்ல குடல்வாலாக இருப்பதை உலகம் முழுக்க அறுவை மருத்துவர்கள் தவிர்க்க முடியாத கணக்காக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். இளம்பெண்களிடம் அந்த விகிதம் இன்னும் அதிகம்.

ஆகவே பொறுத்துப் பார்க்க முடிவெடுத்தேன். சலைன் ஏற்றி, மணிக்கொரு தரம் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். அதிகாலை நாலு மணிக்குத் தாய் ஓடி வந்தார். முகத்தில் சிரிப்பு. "வலி விட்டுடுச்சு சார், தூங்குறா." எனக்குக் கை சில்லிட்டது. உள்ளே வீங்கி இறுகியிருந்த குழாய் கிழிந்துவிட்டால் அழுத்தம் குறைந்து வலி சற்று நேரம் விட்டுப்போகும். ஒரு மணி நேரத்தில் வயிறு பலகையாகிவிட்டது. திறந்தபோது சீழ் பொங்கி வந்தது. பதினோரு நாள் வார்டில் இருந்தாள். எட்டு மாதம் கழித்துக் குடல் ஒட்டிக்கொண்டு அடைப்பாகி மறுபடியும் வந்தாள். வந்த உடனே ஒரு படம் கிடைத்திருந்தால் அவளுக்கு நாலு நாளில் வீடு.

குடல்வால் நோய் என்று இதற்குப் பெயர் வைத்துத் தெளிவாக எழுதியவர் பாஸ்டனைச் சேர்ந்த ஃபிட்ஸ், 1886-ல். சரியாக நூறு ஆண்டு கழித்து 1986-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஜூலியன் புய்லார்ட் என்ற ரேடியாலஜிஸ்ட் 60 நோயாளிகளை அல்ட்ராசவுண்டில் பார்த்து ஒரு வழியைச் சொன்னார். அதற்கு முன்பு எல்லாரும் சொன்னது, குடலில் காற்று இருக்கிறது, ஒலி அலை போகாது, குடல்வாலைப் பார்க்க முடியாது என்பதுதான். புய்லார்ட் செய்தது எளிமையான காரியம். கைவிரலால் வயிற்றை மெல்ல அழுத்திச் சோதிப்பதைப் போலவே புரோப்பை வைத்துப் படிப்படியாக அழுத்தினார். காற்று ஒதுங்கியது. நல்ல குடல் அழுத்தினால் தட்டையாகும். வீங்கிய குடல்வால் தட்டையாகாது.

இதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு எனக்குப் பிற்காலத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் கிடைத்தது. ஒரு மூத்த பெண் ரேடியாலஜிஸ்ட். ஏழு வயதுப் பையன் அழுதுகொண்டே படுத்திருந்தான். அந்த மருத்துவர் அம்மா முதலில் ஜெல் பாட்டிலை வெந்நீரில் வைத்துச் சூடாக்கினார். குளிர்ந்த ஜெல் பட்டால் பிள்ளை வயிற்றை இறுக்கிவிடும் என்றார். பிறகு, "தங்கம், ஒரே ஒரு விரலால எங்க ரொம்ப வலிக்குதுன்னு காட்டு" என்றார். பையன் காட்டினான். அவர் அங்கே போகவில்லை. வலிக்காத இடப்பக்கத்தில் தொடங்கி, பையன் மூச்சு விடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே வலப்பக்கம் வந்தார். திரையில் காற்றின் வெண்மை விலகியது. ஆழத்தில், முதுகெலும்பை ஒட்டியிருக்கும் சோவாஸ் தசை தெரிந்தது, அதன் பக்கத்தில் துடிக்கிற இலியாக் ரத்தக்குழாய். அந்த இரண்டும் தெரிகிற அளவுக்கு அழுத்தினால்தான் நடுவில் எதையும் விடவில்லை என்று அர்த்தம். அதன் மேலே ஒரு முனை மூடிய குழாய். நெடுக்கில் விரல் போல, குறுக்கில் வட்டத்துக்குள் வட்டமாக. அழுத்தினார், தட்டையாகவில்லை. அளந்தார்: 9 மில்லிமீட்டர். ஆறுக்கு மேல் போனால் சந்தேகம். உள்ளே ஒரு சின்னக் கல், பின்னால் கறுப்பு நிழல். பையன் காட்டிய ஒற்றை விரலுக்கு நேர் கீழே. எல்லாம் சேர்த்து எட்டு நிமிடம். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை.

அந்த எட்டு நிமிடம்தான் நான் இந்த மடலில் கேட்பது.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேன் இருக்கிறதே, எடுத்த படத்தை வேறு ஊரிலிருக்கும் ரேடியாலஜிஸ்ட் கணினியில் பார்த்து அறிக்கை தரலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. குடல்வாலைக் காட்டுவதில் சி.டி.க்கு இணை இல்லை. 1998-ல் அமெரிக்காவில் 100 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில் 98 சதவீதம் சரியாகச் சொன்னது. அல்ட்ராசவுண்ட் அப்படியில்லை, பார்க்கும் கையின் பழக்கத்தைப் பொறுத்தது. பழகிய கையில் 90 சதவீதத்தைத் தாண்டும், பழகாத கையில் பாதிக்கும் கீழே போகும். இரண்டையும் ஒப்புக்கொண்டுதான் முதலில் அல்ட்ராசவுண்ட் என்கிறேன். வயிற்றுக்கு ஒரு சாதாரண சி.டி. எடுத்தால் சுமார் 8 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் காற்றிலிருந்தும் ஒரு மனிதருக்கு இயல்பாக ஆண்டுக்குக் கிடைப்பது உலகச் சராசரியில் 2.4. மூன்று ஆண்டுக் கதிர்வீச்சைச் சில நொடியில் ஒரு பிள்ளையின் குடலுக்கும் சினைப்பைக்கும் கொடுக்கிறோம். வளர்கிற உடம்புக்குக் கதிர்வீச்சின் பாதிப்பு பெரியவர்களைவிடக் கூடுதல். இன்னொன்று, சி.டி.யில் குடல்வாலைத் தனியாகப் பிரித்துக் காட்டுவது அதைச் சுற்றியிருக்கும் கொழுப்பு. நம் பிள்ளைகள் பலர் ஒல்லி. அல்ட்ராசவுண்டுக்கு அந்த ஒல்லி வயிறுதான் வசதி.

நெதர்லாந்தில் வயிற்றுவலியோடு வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2009-ல் வெளியானது. எல்லாருக்கும் முதலில் அல்ட்ராசவுண்ட், அதில் ஒன்றும் தெரியாவிட்டாலோ தெளிவில்லாவிட்டாலோ மட்டும் சி.டி. என்று வைத்துக்கொண்டால் அவசர நோய்கள் மிகக் குறைவாகவே தவறுகின்றன. பாதிப் பேருக்குச் சி.டி. தேவைப்படவே இல்லை. சி.டி. எடுத்தே ஆக வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது. தென்கொரியாவில் 891 பேரை வைத்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், கதிர்வீச்சைக் கால்பங்குக்குக் கீழே குறைத்து எடுத்த படமும் வழக்கமான படத்துக்குக் குறையாமல் உதவியது. தேவையில்லாமல் திறந்த வயிறு குறைத்து எடுத்ததில் 3.5 சதவீதம், வழக்கமானதில் 3.2. இதற்குப் புதுக் கருவி வேண்டாம், இருக்கிற கருவியின் அமைப்பை மாற்ற ஒரு சுற்றறிக்கை போதும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்துகிற சி.டி. மையங்களில் இளவயது நோயாளிகளுக்கு இதைக் கட்டாயமாக்க வேண்டுகிறேன்.

கர்ப்பிணிகளுக்கும் முதலில் அல்ட்ராசவுண்ட்தான். அதில் தெளிவில்லை என்றால் எம்.ஆர்.ஐ., சாயமருந்து ஏற்றாமல். இதில் கருத்து வேறுபாடு எதுவும் இல்லை, எனவே மேலே விரிக்கவில்லை.

சி.டி. படத்தைத் தொலைவிலிருந்து பார்க்கலாம். அல்ட்ராசவுண்டுக்கு அது நடக்காது. அழுத்துகிற கை நோயாளியின் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லா வட்ட மருத்துவமனைக்கும் இரவு ரேடியாலஜிஸ்ட் போடுங்கள் என்று கேட்டால் அத்தனை பேர் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் விபத்தில் அடிபட்டவரின் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதா என்று அவசர சிகிச்சை மருத்துவரே புரோப் வைத்துப் பார்ப்பது இன்று உலக வழக்கம். அதே கைக்குக் குடல்வாலையும் பழக்கலாம். இரவுப் பணியிலிருக்கும் அறுவை மருத்துவருக்கும் பழக்கலாம். வயிற்றைத் தொட்டுப் பார்த்தவரே திரையிலும் பார்த்தால் இரண்டும் பொருந்துகிறதா என்று அவருக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

இதற்கு நடுவில் நிற்பது ஒரு தயக்கம், அதை வெளிப்படையாகப் பேச வேண்டும். எந்த ஸ்கேன் அறைக் கதவிலும் ஒரு பலகை இருக்கும்: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்பட மாட்டாது, அது சட்டப்படி குற்றம் என்று. 1994-ஆம் ஆண்டுச் சட்டம். அது வேண்டும். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் இது. அந்தச் சட்டத்தில் ஒரு எழுத்தைக்கூடத் தளர்த்தச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சட்டத்தின்படி கருவியும் இடமும் பதிவாகியிருக்க வேண்டும், கையாளும் மருத்துவரின் தகுதியும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. நான் வேலை பார்த்த இடங்களில் இதன் விளைவு, ஒன்பது மணிக்கு வருகிறவரின் பையில் சாவி. பதிவில் பெயர் இல்லாத மருத்துவர் கருவியைத் தொட்டால் வழக்கு வருமோ என்ற பயம். பத்து வயதுப் பிள்ளையின் குடல்வாலைப் பார்க்கிறவருக்கு அந்தப் பயம் இருக்கக் கூடாது.

பயத்தைப் போக்க உங்களால் முடியும். இரவுப் பணி செய்கிற அறுவை மருத்துவர்களையும் அவசர சிகிச்சை மருத்துவர்களையும் சட்டம் கேட்கிற பயிற்சிக்கு அனுப்பி, அவர்கள் பெயரை மாவட்டப் பதிவில் சேர்த்துவிட்டால் எல்லாம் சட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும். 2014 விதிகளில் 6 மாதப் பயிற்சிக்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது. சாவி பணி மருத்துவரின் கையெழுத்தோடு இரவுச் செவிலியரிடம் இருக்கட்டும். ஒவ்வொரு இரவு ஸ்கேனும் பதிவேட்டில் ஏறட்டும், படம் கருவியிலேயே சேமிக்கப்படட்டும், காலையில் ரேடியாலஜிஸ்ட் வந்து மறுபடி பார்க்கட்டும். மகப்பேறு பிரிவுக் கருவிகளுக்கு லீனியர் புரோப் வாங்கிக் கொடுங்கள். குழந்தை பார்க்கிற வளைந்த புரோப் ஆழத்தைக் காட்டும், நுணுக்கத்தைக் காட்டாது. குடல்வாலுக்கு 7 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் வரை போகிற தட்டைப் புரோப் வேண்டும். புதுக் கருவி வாங்கும் செலவோடு பார்த்தால் இது சிறிய தொகை.

அறிக்கை எழுதுகிற விதத்தையும் மாற்ற வேண்டும். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், ஏனென்றால் ஸ்கேன் இல்லாததால் கெட்ட வயிறுகளைப் போலவே, ஸ்கேன் எடுத்தும் கெட்ட வயிறுகளை நான் பார்த்திருக்கிறேன். நெருக்கடியான நேரத்தில் பார்க்கிற ஸ்கேனில் குடல்வால் கண்ணில் படாமல் போகலாம். பெருங்குடலின் தொடக்கப் பையான சீக்கத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், காற்று மறைத்திருக்கும். அப்போது அறிக்கையில் "குறை ஏதும் இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் காகிதத்தை நம்பி வீட்டுக்கு அனுப்பிய நோயாளி இரண்டாம் நாள் 108-ல் திரும்பி வருகிறார். குடல்வால் தெரியவில்லை என்பது வேறு, குடல்வால் நன்றாக இருக்கிறது என்பது வேறு. மாநிலம் முழுமைக்கும் ஒரு சிறு படிவம் அச்சடித்துக் கொடுங்கள். குடல்வால் தெரிந்ததா இல்லையா, நுனிவரை தெரிந்ததா, எத்தனை மில்லிமீட்டர், அழுத்தினால் தட்டையாகிறதா, கல் இருக்கிறதா, சுற்றிலும் நீரோ கொழுப்பு வீக்கமோ உண்டா. கல் என்ற கேள்வி இன்று முன்னைவிட முக்கியம். அறுவை இல்லாமல் ஆன்டிபயாடிக்கால் மட்டும் குணப்படுத்தலாமா என்று 2020-ல் அமெரிக்காவில் 1,552 பேரை வைத்து வெளியிட்ட ஆய்வில், மருந்து எடுத்தவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு 90 நாளுக்குள் அறுவை தேவைப்பட்டது. கல் இருந்தவர்களில் 41 சதவீதம், இல்லாதவர்களில் 25. அறுவையா மருந்தா என்று நோயாளியிடம் பேசுவதற்கே படம் வேண்டும் என்ற காலம் வந்துவிட்டது.

2021 டிசம்பரில் விபத்தில் சிக்கியவர்களின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காக "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தை அரசு தொடங்கியபோது நான் மகிழ்ந்தேன். உயிரை மணிக்கணக்கில் அளக்கத் தெரிந்த அரசு என்று பெருமையாக இருந்தது. குடல்வாலுக்கும் மணிக்கணக்கு உண்டு. நியூயார்க்கில் 2006-ல் வெளியான ஆய்வில், வலி தொடங்கி 36 மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைத்தவர்களில் கிழிந்தது நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு 12 மணி நேரத்துக்கும் ஐந்து சதவீதம் ஆபத்து. சின்னப் பிள்ளைகளிடம் இது இன்னும் வேகம். நம் ஊரில் அந்த 36-ல் பாதி விளக்கெண்ணெயிலும் மருந்துக்கடை மாத்திரையிலும் பேருந்திலும் போய்விடுகிறது. மிச்சத்தை மருத்துவமனை வாசலில் காத்திருப்பில் போக விடாதீர்கள். இரவு ஒன்பதுக்கும் காலை ஒன்பதுக்கும் நடுவில் இருப்பது அந்த 12 மணி நேரம்தான்.

எல்லா மாவட்டத்திலும் ஒரே நாளில் தொடங்க முடியாது என்றால் மூன்று மாவட்டத்தில் தொடங்குங்கள். மருத்துவக் கல்லூரி தொலைவில் உள்ள மாவட்டங்களாக எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு கழித்து இரண்டே எண்ணிக்கை பாருங்கள்: திறந்தபோது கிழிந்திருந்த குடல்வால் எத்தனை, நன்றாக இருந்த குடல்வால் எத்தனை. அறுவை அரங்கப் பதிவேட்டிலும் நோய்க்குறியியல் அறிக்கையிலும் இவை ஏற்கெனவே இருக்கின்றன. யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

பயிற்சிக்கு ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன். ஓய்வு பெற்ற இரண்டு ரேடியாலஜிஸ்ட் நண்பர்களும் வரச் சம்மதித்திருக்கிறார்கள், ஜெல் பாட்டிலைச் சூடாக்கிய அந்த அம்மாவும் அவர்களில் ஒருவர். பயணப்படி வேண்டாம். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, தட்டைப் புரோப் உள்ள ஒரு கருவி, படுத்துக்கொள்ளச் சம்மதிக்கும் நாலைந்து பயிற்சி மருத்துவர்கள். எந்த மருத்துவமனை என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு அறுவை மருத்துவர் ஒருவர்